மலை வயலான கதை

திருப்பனந்தாளில் மலை கிடையாது. மலை இருக்கட்டும், கல்லே கிடையாது. கும்பகோணத்தில் தொடங்கி அணைக்கரை வரை எந்த வயலில் மண்வெட்டியை இறக்கினாலும் வண்டல் வரும், களி வரும், ஆழம் போனால் மணல் வரும். போர் போடுகிறவர்களைக் கேட்டால் களி, மணல், மறுபடி களி, மறுபடி மணல் என்றுதான் கணக்குச் சொல்வார்கள். ஊருக்குள் கல் என்று இருப்பதெல்லாம் வெளியூர்க் கல். செஞ்சடையப்பர் கோயிலின் தூணும் சுவரும், வீடுகளில் கிடக்கும் அம்மியும் ஆட்டுக்கல்லும் பாறை தலைகாட்டும் சீமையிலிருந்து வண்டியேறி வந்தவை.

கல் இல்லாத இந்த ஊரின் மண்ணைப் பற்றிச் சொல்வதென்றால் கதையை மலையில்தான் தொடங்க வேண்டும். மண்ணியாற்றுப் பாய்ச்சலில் சம்பா விளையும் இந்த வயல்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உடம்பு. அந்த மலை உளுத்து, கரைந்து, உருண்டு, ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் நடந்து வந்து இங்கே படுத்திருக்கிறது. மலை எப்போது எழுந்தது, கல்லாக இருந்தது எப்படிக் களியானது, சிவப்பாகப் புறப்பட்ட மண் இங்கே வந்து ஏன் கறுத்தது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் காலடியில் கிடப்பதன் விலை நமக்குத் தெரியும்.

இரு கடல்களுக்கு நடுவே

காவிரி பிறக்கும் தலைக்காவேரி, குடகு நாட்டின் பிரம்மகிரி மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே அரபிக்கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். அத்தனை பக்கத்தில் கடல் இருக்க, காவிரி அதற்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பி, 800 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலைச் சேர்கிறது. திருப்பனந்தாள் அந்த வங்கக் கடலிலிருந்து மேற்கே ஏறத்தாழ அதே 45 கிலோமீட்டரில் இருக்கிறது. மலைமுனையும் வயல்முனையும் ஆளுக்கொரு கடலிலிருந்து ஒரே தூரம். நடுவில் இருப்பது தென்னிந்தியாவின் முழு அகலம்.

பக்கத்துக் கடலை விட்டுவிட்டு ஆறு ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்? கோதாவரியும் அப்படித்தான், நாசிக்குக்குப் பக்கத்தில் திரியம்பகத்தில் பிறந்து ஆந்திரக் கரைக்குப் போகிறது. மகாபலேசுவரத்தில் பிறக்கும் கிருஷ்ணாவும் அப்படித்தான். மூன்று ஆறுகளுக்கும் காரணம் ஒன்றே. தீபகற்பம் மேற்கே உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் சாய்ந்து கிடக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீள்கிறது. நடுவே பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய். காசர்கோட்டிலிருந்தோ மங்களூரிலிருந்தோ பார்க்கிறவருக்கு இது வானத்தை மறைக்கும் சுவர். மைசூரிலிருந்து மடிக்கேரிக்குப் பஸ்ஸில் போகிறவருக்கோ மலை ஏறுவதே பெரிதாகத் தெரியாது. அதே ஆள் மடிக்கேரியிலிருந்து மங்களூர்ப் பக்கம் இறங்கும்போது காது அடைக்கும். இமயம் போல இரண்டு நிலங்கள் மோதி மடிந்து எழுந்த மலை இது இல்லை. உயர்ந்த பீடபூமி ஒன்றின் அறுபட்ட மேற்கு விளிம்பு. அந்த விளிம்பை அறுத்தது எது என்பதில்தான் நம் வயலின் பிறப்பு இருக்கிறது.

கல்லின் வயது

முதலில் கல். நீலகிரியின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதானவை. குடகுப் பாறைகளில் 300 கோடியைத் தாண்டியவை உண்டு. உயிர் என்று சொல்லத்தக்கதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிராக மட்டும் இருந்த காலத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய கல் அது.

நீலகிரி மலைத்தொகுதியின் கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைப் பலகையைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். அந்தப் பலகையோ சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் சேர்வராயனிலும் நீலகிரியிலும் ஒரே குடும்பத்துக் கல்தான் நிற்கிறது. நம் கொத்தர்களுக்கும் சிற்பிகளுக்கும் அது வெறும் கருங்கல்.

அந்தக் கருங்கல்லையும் அதன் உறவான கோடுபோட்ட நைஸ் பாறையையும் உடைத்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து சரக்குகள் தெரியும். வெள்ளையாகவும் கண்ணாடி போலவும் இருப்பது குவார்ட்ஸ். சேலம் பக்கம் வெங்கச்சங்கல் என்பார்கள். வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்புமாக இருப்பது ஃபெல்ஸ்பார். மினுமினுப்பது அபிரகம், நாம் காக்காப்பொன் என்று சொல்வது. கறுப்பாக இருப்பவை இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கனிமங்கள். இந்தச் சரக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பனந்தாள் வயலில் இவை ஒவ்வொன்றையும் வேறு வேடத்தில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

இரண்டு பிளவுகள்

ஒரு காலத்தில் தென்னிந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதிகள். அந்த நிலம் உடைந்தபோது நமக்கு இரண்டு பிளவுகள் நேர்ந்தன. முதல் பிளவு கிழக்கே, இரண்டாவது மேற்கே.

ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, நம் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவை விட்டு மெல்லப் பிரிந்தது. பிரிகிற நிலம் இழுபட்டு, நீளவாக்கில் பாளம் பாளமாக உடைந்தது. சில பாளங்கள் கீழே இறங்கின, சில நின்ற இடத்தில் நின்றன. இறங்கியவை பள்ளங்கள், நின்றவை அவற்றுக்கு நடுவே முகடுகள். காவிரிப் படுகையின் அடித்தளம் இப்படித்தான் ஆனது. 1960களிலிருந்து எண்ணெய் தேடி இங்கே துளையிட்டவர்கள் அதிர்வலைகளை அனுப்பி இந்தப் பள்ளங்களையும் முகடுகளையும் படம் பிடித்திருக்கிறார்கள். சில பள்ளங்களில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கும்பகோணத்திலிருந்து மாதானம் நோக்கி வடகிழக்காக ஒரு பாறை முகடு ஓடுகிறது. திருப்பனந்தாள் அந்த முகட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. மலையே இல்லாத ஊருக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல், மண்ணுக்கடியில் புதைந்த மலைத்தொடர் ஒன்று கிடக்கிறது.

பள்ளம் விழுந்ததும் கடல் உள்ளே வந்தது. அரியலூர் வரை, அதற்கு மேற்கே காரை வரை கடல். டைனோசர் காலத்தின் பிற்பகுதி முழுவதும் அந்தக் கடல் வந்தும் போயும் இருந்தது. அதன் சிப்பிகளும் நத்தை போல் சுருண்ட அம்மோனைட்டுகளும் அரியலூர், பெரம்பலூர் மண்ணில் இன்றும் கிடைக்கின்றன. அந்த ஓடுகள் படிந்த சுண்ணாம்புக்கல்தான் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன 18 மீட்டர் நீள மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் அதை அடையாளம் கண்டு சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர். பிறந்தது தஞ்சாவூர்ச் சீமையில். கல்லே காணாத நன்செய் நாடு, நாட்டின் கல்லையெல்லாம் படித்த ஒருவரைக் கொடுத்திருக்கிறது என்பதில் எனக்கு மாறாத பெருமை உண்டு.

இரண்டாவது பிளவு ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அதுவரை நம் மேற்குக் கரையை ஒட்டிக் கிடந்த மடகாஸ்கர் பிரிந்து போனது. அந்தப் பிரிவின் சாட்சியாக உடுப்பிக்கு அருகே கடலில் செயின்ட் மேரி தீவுகள் நிற்கின்றன. பிளவின்போது மேலே வந்த எரிமலைக் குழம்பு, தூண் தூணாக இறுகிய இடம் அது. மடகாஸ்கர் போன இடத்தில் அரபிக்கடல் வந்தது. அறுபட்ட விளிம்பு உயர்ந்து நின்றது. அதன் பிறகு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே மகாராஷ்டிரப் பக்கம் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவித் தக்காணத்தைப் போர்த்தியது. தெற்கே, குடகிலும் நீலகிரியிலும் அந்தப் போர்வை இல்லை. அதனால்தான் கோதாவரிப் படுகைக்குப் போன மண்ணில் எரிமலைக் கல்லின் பங்கு பெரிது. நமக்கு வந்தது பழைய நைஸும் சார்னோகைட்டும்.

கிழக்குப் பிளவு குழியை வெட்டி வைத்தது. மேற்குப் பிளவு மலையை நிறுத்தி வைத்தது. நடுவே நிலம் கிழக்கே சரிந்தது. மழை மட்டும்தான் பாக்கி.

மழை வந்து கல்லைத் தின்றது

அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்றுக்கு முதல் தடை இந்த மலைதான். மோதி ஏறும் காற்று குளிர்ந்து கொட்டுகிறது. பாகமண்டலா, தலைக்காவேரிப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடங்கள் உண்டு. நம் தஞ்சை மண்ணில் பெய்வது அதில் நாலில் ஒரு பங்குதான்.

மழைநீர் வெறும் நீராக இருப்பதில்லை. காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக இலைமக்கிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பாறையின் விரிசலில் இறங்கும்போது சரக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. ஃபெல்ஸ்பார் தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சுண்ணத்தையும் நீரில் விட்டுவிட்டுக் களியாக மாறுகிறது. கறுப்புக் கனிமங்களிலிருந்து இரும்பு வெளியே வந்து துருவாகிறது; மலைச்சரிவின் செம்மண் நிறம் அந்தத் துருதான். காக்காப்பொன் இதழ் இதழாகப் பிரிந்து சாம்பல் சத்தை மெல்ல மெல்லக் கொடுக்கிறது. குவார்ட்ஸை மட்டும் மழையால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அது சிதறி மணலாகிறது.

உழவர் கணக்கில் சொன்னால், பயிருக்கு வேண்டிய சாம்பல் சத்து, சுண்ணாம்பு, இரும்பு, மணிச்சத்தில் ஒரு பங்கு ஆகியவை கல்லுக்குள் 250 கோடி ஆண்டு பூட்டிக் கிடந்தவை, மழை திறந்துவிட்டது. தழைச்சத்து மட்டும் கல்லின் கொடை இல்லை. அது காற்றிலிருந்து வந்து உயிர்கள் வழியே மண்ணில் சேர்ந்தது.

இந்த வேலை எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று தெரிந்தால் மலைப்பாக இருக்கும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறையின் மேற்பரப்பில் பெரிலியம்-10 என்ற அரிய அணுவை உண்டாக்குகின்றன. ஆற்று மணலில் அந்த அணுக்களை எண்ணினால், மணலைக் கொடுத்த நிலம் எந்த வேகத்தில் தேய்ந்தது என்று கணக்கிடலாம். கர்நாடகப் பீடபூமிப் பக்கம் கிடைத்த விடை, ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். செங்குத்தான மலைவிளிம்பில் இதைப்போலச் சில மடங்கு. இராசராசன் 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சியில் கலசம் வைத்தான். அன்றிலிருந்து இன்று வரை பீடபூமி இழந்தது ஒரு விரற்கடைக்கும் குறைவு.

காவிரியின் படுகை மொத்தம் சுமார் 81,000 சதுரக் கிலோமீட்டர். டெல்டா அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மேலே தேய்ந்த ஒரு சென்டிமீட்டர் முழுவதும், கொஞ்சமும் கடலுக்குப் போகாமல் டெல்டாவில் படிந்தால்கூட, ஆயிரம் ஆண்டில் பத்து சென்டிமீட்டர் ஏறும். உண்மையில் ஒரு பங்கு கரைந்தும் ஒரு பங்கு மிதந்தும் கடலுக்குப் போய்விடுகிறது. ஆகவே அரையடி உழவு ஆழத்துக்கு மண் சேர, குறைந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டு வேண்டும். ஒரே ஓர் உழவு ஆழத்துக்கு.

ஆறு புடைத்துப் பிரித்தது

மண்ணைச் சுமந்து வரும் வழியில் காவிரி சிவசமுத்திரத்தில் ஏறத்தாழ நூறு மீட்டர் விழுகிறது, மேகதாதுவில் ஒடுங்குகிறது, ஒகேனக்கல்லில் பாறைகளுக்குள் பிளந்து பாய்கிறது. வேகம் இருக்கும் வரை கூழாங்கல்லையும் உருட்டும். கல்லணையைத் தாண்டிய பிறகு நிலம் தட்டையாகிவிடுகிறது. கல்லணையிலிருந்து கடல் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். இறக்கமோ மொத்தமாக அறுபது மீட்டர் அளவுதான். அங்கே ஆற்றுக்குக் கை தளர்கிறது. முறத்தில் நெல்லைப் புடைக்கிறவள் கல்லையும் மணியையும் பதரையும் தனித்தனியே விழ வைப்பது போல, ஆறு தன் சுமையை எடை பார்த்துப் பிரித்துப் போடத் தொடங்குகிறது.

முதலில் விழுவது பருமணல், ஆற்றின் மடியிலேயே. வெள்ளம் கரை புரளும்போது கரையோரத்தில் விழுவது நுண்மணலும் எக்கலும்; அது படுகை நிலம், வாழைக்கும் கொடிக்காலுக்கும் உகந்தது. கரையை விட்டுத் தள்ளி, தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தில் கடைசியாக விழுவது களி. அது நெல்லுக்கு. மேற்கே மலையில் ஒரே கல்லாக இருந்த வெங்கச்சங்கல் ஆற்றுமணலாகவும், ஃபெல்ஸ்பார் வயல்களியாகவும் இங்கே பிரிந்து கிடக்கின்றன. கொள்ளிடத்து மணலை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பார்த்தால் மினுக்குவது காக்காப்பொன்.

இப்படிக் கரையோரம் கனமானதை முதலில் போட்டுப் போட்டு, ஆறு தன் கரையைத் தானே உயர்த்திக்கொள்கிறது. டெல்டாவில் ஆறுகள் பள்ளத்தில் ஓடுவதில்லை, மேட்டில் ஓடுகின்றன. வயல் தாழ்ந்திருக்கிறது. அதனால்தான் ஏற்றமும் கவலையும் இல்லாமல், மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வாய்க்காலில் இறங்கி, மடை மடையாகப் பிரிந்து கடைசி வயல் வரை போகிறது. சோழர்கள் வாய்க்கால் வெட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்களின் பெருமை, ஆறு அமைத்துக் கொடுத்த இந்தச் சரிவைப் படித்ததில் இருக்கிறது.

கரை அதிகமாக உயர்ந்தால் ஒரு வெள்ளத்தில் ஆறு அதை உடைத்துக்கொண்டு பள்ளம் தேடிப் போகும். பழைய தடம் மணல் திடலாகும், புதிய தடம் ஆறாகும். மண்ணியாறு, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று விரியும் கிளைகள் எல்லாம் நிலத்துக்கு மண் பகிர்ந்த கைகள். ஊர்களும் கோயில்களும் பெரும்பாலும் மேட்டில் இருப்பதும், போர் போட்டால் ஓர் இடத்தில் நல்ல தண்ணீரும் பத்தடி தள்ளி வெறும் களியும் வருவதும் இந்தப் பழைய தடங்களால்தான். புதைந்த ஆற்றுமணல் கிடைத்தவருக்கு ஊற்று கிடைக்கிறது.

இதற்கெல்லாம் நடுவே கடலும் அசைந்துகொண்டிருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கடலே இல்லை. பனி உருகக் கடல் ஏறியது. ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது. கடல் நின்ற பிறகுதான் ஆறு போட்ட மண் ஓரிடத்தில் நிலைத்துச் சேர முடிந்தது. டெல்டா கிழக்கே வளர்ந்தது. வேதாரண்யம் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும் மணல்மேடுகள், கடல் ஒவ்வொரு காலத்தில் நின்று பின்வாங்கிய கரைகள். கல் 250 கோடி ஆண்டுப் பழமை, மலை 9 கோடி, நாம் உழுகிற மேல்மண்ணோ சில ஆயிரம் ஆண்டு. கிழவியின் வயிற்றில் பிறந்த பச்சைக் குழந்தை இந்த வயல்.

சிவப்பு ஏன் கறுத்தது

முன்பெல்லாம் ஆடியில் புதுவெள்ளம் செந்நிறமாக, நுங்கும் நுரையுமாக வரும். அது சுமந்து வந்தது குடகின் துரு. ஆனால் வயலில் இறங்கிப் பார்த்தால் சேறு கறுஞ்சாம்பல் நிறம். அணைக்கரைப் பாலத்தைத் தாண்டி மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் போனால் மறுபடி செம்மண், முந்திரிக்காடு. கொள்ளிடத்துக்கு இக்கரை கறுப்பு, அக்கரை சிவப்பு.

காரணம் தண்ணீர். அக்கரை நிலம் மேடு. நாம் பேசும் டெல்டாவைவிட மிகப் பழைய மணற்கல்லின் மேல் இருக்கிறது. தண்ணீர் வடிந்துவிடுகிறது, காற்று உள்ளே போகிறது, இரும்பு துருவாகவே நிற்கிறது. இக்கரை வயலில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. சேற்றுக்குள் காற்று இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல், அதற்குப் பதிலாகத் துருவிலுள்ள இரும்பைப் பயன்படுத்திக்கொள்கின்றன. துரு சிவப்பை இழந்து கரைகிறது. அதோடு மக்கிய தாளும் தழையும் சேர்ந்து சேறு கறுக்கிறது. நெற்பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் அதைச் சுற்றி மெல்லிய செம்பழுப்புப் பூச்சு தெரியும். நெல் தன் வேர் வழியே காற்றைக் கீழே அனுப்புகிறது. அந்தக் காற்று பட்ட இடத்தில் இரும்பு மறுபடி சிவக்கிறது. ஒவ்வொரு நெல்லின் வேரிலும் மலையின் நிறம் இன்னும் இருக்கிறது.

கடைசிக் கை மனிதனுடையது. சேடை கூட்டி, மாடு கட்டி மிதித்து உழுது, பரம்படித்துத் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையில் களியின் மெல்லிய தகடுகள் நெருங்கி, உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய தளம் ஒன்று உருவாகியிருக்கிறது. தண்ணீரைக் கீழே விடாமல் நிறுத்துவது அதுதான். கல்லணையில் தொடங்கி 1836இல் ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் எழுந்த அணைகள் வரை, நீரையும் மணலையும் பங்கிட மனிதன் இரண்டாயிரம் ஆண்டாக ஆற்றோடு பேசிக்கொண்டிருக்கிறான். முக்கொம்பில் மணற்போக்கிகள் வைத்ததே, மண் வந்துகொண்டே இருக்கும் ஆற்றை அறிந்துதான். வண்டல் வரவு நிற்கும் என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வரவு நின்ற கணக்கு

1934இல் மேட்டூர் அணை எழுந்தது. கிருஷ்ணராஜசாகரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. பிறகு கபினி, ஹாரங்கி, ஹேமாவதி, பவானிசாகர், அமராவதி என்று மலையிலிருந்து வரும் பெரிய கைகள் பலவற்றிலும் அணை. அணைகள் இல்லாமல் குறுவையும் சம்பாவும் இன்றைய அளவில் இல்லை. கோடைக்கும் குடிநீருக்கும் அவை வேண்டும். ஆனால் நின்ற தண்ணீரில் மண் தங்கிவிடும். மேட்டூர் மதகிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் தெளிந்த நீர். முன்பு வெள்ளத்தோடு வந்து வயலில் ஏறிய வண்டல் இப்போது நீர்த்தேக்கங்களின் அடியில் கிடக்கிறது. 93.47 டிஎம்சி கொள்ளளவு என்று கட்டிய மேட்டூரின் வயிற்றை அதுவே நிரப்புகிறது. அங்கே அது சுமை, இங்கே அது பஞ்சம்.

மலை தேய்வது நிற்கவில்லை. காடு அழிந்த சரிவுகளில் அது வேகமாகவே நடக்கிறது. 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் ஊர்களைப் புதைத்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவேரிக்கு அருகே பிரம்மகிரியே சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. ஆயிரம் ஆண்டில் ஒரு விரற்கடையாக இறங்க வேண்டிய மலை ஓர் இரவில் இறங்கினால், அது வண்டல் ஆகாது; மேலே அழிவு, அணையில் அடைப்பு. தலைக்காவேரிப் பக்கத்துக் காடுகள் உட்பட மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. அந்தக் காட்டைக் காப்பது குடகுக்காரர் கவலை, கேரளத்தார் கவலை என்று டெல்டாக்காரன் சும்மா இருக்க முடியாது. அது நம் வயலின் வேர்.

இருக்கிற மண்ணை நாம் நடத்தும் விதம் அதைவிட வருத்துகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ள அள்ள, மழைக்காலத்து வெள்ளத்தைக் குடித்து வைத்துக் கோடையில் ஊற்றாகக் கொடுக்கும் மடி ஒழிகிறது. கீழே கடலோரம் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. வயலின் மேல்மண் செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போகிறது. விற்றவருக்கு அன்றைய கடன் அடையலாம். அவர் நெருக்கடியை நான் அறிவேன். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த லாரியில் போவது திரும்பி வராது. முன்பாவது அடுத்த வெள்ளத்தில் கொஞ்சம் வரும் என்று இருந்தது. இப்போது அனுப்புகிறவனுக்கும் நமக்கும் நடுவே அணைகள் நிற்கின்றன.

2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறும் அதுபோன்ற தொழிலும் வயலுக்குள் வராமல் தடுக்க அது உதவும். மண்ணின் வரவை மீட்பதற்கு வேறு வேலை வேண்டும். வழி தெரியாமல் இல்லை. 2017இல் மேட்டூர் நீர்த்தேக்கத்தில், அணை கட்டிய காலத்துக்குப் பிறகு முதன்முறையாக, வண்டல் அள்ளும் பணி தொடங்கியது; உழவர்கள் அதை வயலுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏரியிலும் குளத்திலும் கோடையில் கரம்பை வெட்டி வயலுக்கு அடிப்பது நம் தாத்தாக்கள் ஆண்டுதோறும் செய்ததுதான். அதையே அணை அளவில், திட்டமிட்டு, ஆண்டுக்காண்டு செய்ய வேண்டும். வாய்க்கால் தூர் வாரும்போது எடுக்கும் மண் கரையில் குவிந்து அடுத்த மழையில் மறுபடி வாய்க்காலுக்கே போகாமல், பக்கத்து வயலுக்குப் போக வேண்டும். மேல்மண் வெட்டும் சூளைக்கு மாற்று வேண்டும். அந்த உழவருக்கு விளைச்சலில் கட்டுப்படியாகும் விலை வேண்டும். நெல்லுக்கு விலை இல்லாத இடத்தில்தான் மண்ணுக்கு விலை வருகிறது.

இரண்டு முறை நிலம் பிளந்து, ஒரு மலை தேய்ந்து, ஓர் ஆறு சுமந்து, ஒரு கடல் ஒதுங்கி, எத்தனையோ தலைமுறை மிதித்து உழுது ஆன நிலம் இது. இதை ஆக்கிய எல்லாக் கைகளிலும் இன்று வேலை செய்ய வல்லது நம் கை ஒன்றுதான். அரையடி மண்ணுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு என்ற கணக்கை ஒவ்வொரு டெல்டாப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்த ஊரில் ஒரு லாரி மண் வயலை விட்டு வெளியே போவதற்கு முன் நாலு பேர் நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் பெருக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கதையைச் சொன்னேன்.